ஓரம் சுத்தமானால் ஒட்டு சுத்தம்

மண்ணரையில் நான் பட்டறை போட்ட புதிதில் நடந்த சங்கதி இது. ஒரு சாயப்பட்டறைக்கு எஸ்.எஸ். தகட்டில் விஞ்ச் தொட்டி செய்து கொடுத்தோம். கண்ணாடி மாதிரி பளபளத்தது. சில வாரத்தில் முதலாளி வந்து வெள்ளைத் துணியை விரித்தார். வரிசையாகத் துருக்கறை.

"ஏந் தம்பி, எவர்சில்வர் துருப்புடிக்குமுங்களா?" என்றார்.

தப்பு என்னுடையதுதான். இரும்பு ஆங்கிளைத் தேய்த்த அதே கிரைண்டிங் வீலால் எஸ்.எஸ். ஓரத்தையும் தேய்த்திருந்தோம். ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள் துருப்பிடித்துவிட்டது. கல்லூரியில் அரைத்தூக்கத்தில் கேட்ட வெல்டிங் சரித்திரம் அன்றுதான் உறைத்தது.

19ஆம் நூற்றாண்டில் பாய்லர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, துளை போட்டு ரிவிட் அடித்தார்கள். 1880களில் ருஷியாவின் பெனார்டோஸ் கார்பன் குச்சியால் ஆர்க் மூட்டி உலோகத்தை ஒட்டினார். 1900களின் தொடக்கத்தில் சுவீடனின் ஷெல்பெர்க் பூச்சு ராடைக் கொண்டுவந்தார். ரிவிட் மெல்லப் போய், தகடுகள் நேருக்கு நேர் சேர்ந்தன. ஓரம் சீவுவது முக்கிய வேலையானது அப்போதுதான்.

கனத்த தகட்டில் ஆர்க் சூடு அடிவரை இறங்காது. அதனால் இரண்டு ஓரத்தையும் சுமார் 30 டிகிரி சாய்த்துச் சீவி, 'வி' போல் பள்ளம் எடுத்து, அடியில் 2, 3 மி.மீ. இடைவெளி விடுகிறோம். துரு, எண்ணெய், ஈரம் இருந்தாலோ அதிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து, ஒட்டில் ஓட்டை விழும், விரிசலும் விடும்.

நம் மாநிலத்தில் இந்தக் கலைக்குத் தாய்வீடு திருச்சி. 1965இல் அங்கே பெல் பாய்லர் தொழிற்சாலை வந்தது. 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

நம்ம ஊரில் சிமெண்ட் தொட்டி போய் விஞ்ச் வந்தது, பிறகு சாஃப்ட் ஃப்ளோ வந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்காமல் தொழில் இல்லை என்றாயிற்று. உப்புத்தண்ணீருக்கு ஒட்டில் மயிரிழை இடுக்கு கிடைத்தால் போதும், தங்கி அரித்துவிடும்.

துணிக்கு நஷ்டஈடு கொடுத்தேன். தொட்டியை ஆசிட் பசை போட்டுக் கழுவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எஸ்.எஸ்.ஸுக்குத் தனி வீல், தனி வயர் பிரஷ். இரும்புப் பக்கம் போகவே கூடாது.

மாணவத் தம்பிகளே, ராடு பிடிக்கும் முன்னால் அரைமணி நேரம் ஓரத்தைப் பாருங்கள். நான் காசு கொடுத்துப் படித்த பாடம் உங்களுக்கு இனாமாகக் கிடைக்கட்டும்!