நாலணாவிலிருந்து கார்டு வரை

மாசக் கடைசியில் பர்ஸைப் பார்த்தபோது தோன்றிய விஷயம் இது. காசு கொடுக்கும் முறை மாறினால் செலவு செய்யும் பழக்கமும் மாறுமா?

எங்கள் அம்மையார்குப்பம் நெசவு ஊர். திருத்தணிக்குப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது எங்கள் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மூன்று வருடம் கழித்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, பிறகு 100 பைசா. ஆனாலும் 25 பைசாவை "நாலணா" என்றுதான் சொன்னார்கள். 2011 ஜூனோடு அந்தக் காசு செல்லாமல் போன பிறகும் பாட்டி வாயில் அந்தச் சொல் போகவில்லை.

அப்போதும் எல்லாமே ரொக்கம் இல்லை. மளிகைக் கடையில் கணக்கு நோட்டு உண்டு. சனிக்கிழமை கூலி வந்ததும் பாட்டி அதைப் பிரித்து வைப்பார்: மளிகை பாக்கி, சீட்டு, வட்டி, மீதி அரிசிப் பானைக்குள். நோட்டு ஏறிப்போனால் கடைக்காரரே, "போன வாரப் பாக்கியே நிக்குதும்மா" என்பார். அந்தக் கூச்சமே ஒரு கட்டுப்பாடு.

கார்டு அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டது. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டு வந்தது. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பேங்க் கிரெடிட் கார்டு கொடுத்தது. 1987இல் மும்பையில் முதல் ஏடிஎம். 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் பிரேலெக், சிமெஸ்டர் இருவரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு கேட்டார்களாம்! கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக ரொக்கமே நல்லது என்று முடித்துவிட முடியாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அவைதான். ரொக்கத்தையே நம்பியிருந்த நெசவாளிகள்தான் அதிகம் தவித்தார்கள். எங்கள் வீட்டில் சில வாரம் கூலி தள்ளிப்போனது. கார்டு வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

அதே வருடம் ஏப்ரலில் யுபிஐயும் அறிமுகமாகியிருந்தது. இன்று டீக்கடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. ஆனால் ரொக்கம் ஒழியவில்லை. 2016 நவம்பரில் சுமார் 17.7 லட்சம் கோடியாக இருந்த புழக்கப் பணம், 2022 மார்ச்சில் 30 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

ஆக, எந்த முறையும் நம்மைச் சிக்கனமாக்காது. ரொக்கம் எண்ண வைத்தது, நோட்டு வெட்கப்பட வைத்தது, கார்டும் போனும் இரண்டையும் செய்வதில்லை. அதனால் இந்த மாசம் முதல் பாட்டி மாதிரி நானும் ஒரு சின்ன நோட்டில் செலவை எழுதப் போகிறேன். நீங்கள் எழுதுகிறீர்களா?