பெயரும் பொறியும்: எல்லைநாட்டு வாணிகத்தின் கதை

உள்ளூர்ச் சந்தையில் வெல்லம் வாங்குவோருக்குப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை. காய்ச்சியவரே எதிரில் அமர்ந்திருக்கிறார். சுவை குறைந்தால் அடுத்த வாரம் அவரையே கேட்டுவிடலாம். அதே வெல்லம் மலையிறங்கித் தொலைவிலுள்ள நகரத்தை அடைந்து, முகம் அறியாதார் கைக்குப் போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. அங்கே செய்தவரின் முகத்துக்குப் பதிலாக நிற்பது ஒரு பெயர். அதனோடு ஒரு பொறி. இவ்விரண்டும் எவ்வாறு பிறந்தன, யார் கையில் சேர்ந்தன, சிறு வாணிகருக்கு அவை எவ்வாறு பயன்படும் என்பதைப் பாலக்காட்டு, இடுக்கி எல்லைப்புறங்களின் வரலாற்றைக் கொண்டு இங்கே நாம் ஆராய்வோம்.

சரக்கின்மேல் பொறி இடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அது அரசின் பொறி, சுங்கத்துக்கு உரியது. வணிகரின் பொறி பெருவழக்காகப் பரவியது ஆலைத்தொழில் வளர்ந்த பின்னரே. இங்கிலாந்திலிருந்து வந்த துணிகளின்மேல் தெய்வங்கள், யானை, மயில் முதலிய வண்ணப்படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதாரும் படத்தைச் சொல்லிப் பொருளைக் கேட்டனர். 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். பெட்டிமேல் ஒட்டும் லேபிளுக்கு ஏற்பட்ட தேவை அவ்வூரில் அச்சுத்தொழில் வேரூன்ற ஒரு காரணமாயிற்று. கையகலத்திலும் சிறிய அந்தத் தாளில் ஒரு படம், ஒரு பெயர், இரண்டு மூன்று வண்ணங்கள், இவ்வளவே உண்டு. அவ்வளவில் வாங்குபவர் மனத்தில் பொருள் பதிந்துவிட்டது.

இனி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம். மலைத்தொடரின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய், கோவை நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் தொன்மையான வாயில். அதன் கிழக்கோரத்தில் சித்தூர் வட்டத்து ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் ஒலிக்கின்றன. தெற்கே இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். 1956இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் சேர்ந்தன. ஆயினும் சரக்கு எல்லைக்கோட்டைக் கேட்டு நடப்பதில்லை. மலையின் விளைபொருள் இருபுறமும் இறங்கியது. ஆனால் எந்தப் பெயரோடு இறங்கியது?

ஏலக்காயை முதலில் பார்ப்போம். திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமை வாணிகமாக வைத்திருந்த காலத்தில், மலைச்சரக்கு ஆலப்புழைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே விற்பனையாயிற்று. ஆகவே உலகச் சந்தையில் அதற்கு 'ஆலப்புழைப் பச்சை' என்ற பெயரே நிலைத்தது. இன்றும் தரம் பிரிக்கும்போது அப்பெயரே வழங்குகிறது. ஏலச்செடி ஒன்றும் வளராத கடற்கரை நகரம் புகழ்பெற்றது. அட்டைக்கடியையும் குளிரையும் தாங்கிக் காய் பறித்த மலையூர்களின் பெயர் வெளியே தெரியவில்லை. போடிநாயக்கனூரும் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியும் ஏலக்காய் விற்பனை மையங்களாக விளங்கும் இந்நாளிலும், தரத்தின் பெயர் துறைமுகத்தின் பெயராகவே இருக்கிறது. விளைப்பவர் தம் பொருளுக்குப் பெயரிடாவிட்டால், விற்பவர் பெயரிட்டுவிடுவார் என்பது இதனால் விளங்கும்.

தேயிலையின் கதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து மூணாற்று மலைகளைப் பெற்றார். அம்மலைகள் அஞ்சுநாட்டைச் சேர்ந்த கண்ணன் தேவன் என்பவரின் பெயரால் வழங்கின. 1897இல் அமைந்த தோட்டக் கம்பெனி அப்பெயரையே தன் பெயராகக் கொண்டது. மலைவாழ் மனிதர் ஒருவரின் பெயர் இவ்வாறு தேயிலைப் பொட்டலத்தின்மேல் ஏறி, தென்னாடெங்கும் பரவிற்று. பின்னர் அத்தோட்டங்களும் பெயரும் டாட்டா நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2005இல் பெரும்பாலான தோட்டங்கள், ஊழியர்களே பெரும்பங்குதாரராக உள்ள புதிய நிறுவனத்துக்கு மாறின. ஆனால் பொட்டலத்தின்மேல் உள்ள பெயர் டாட்டாவிடமே நின்றது. புதிய நிறுவனத்தார் 'ரிப்பிள்' என்ற வேறு பெயரில் தம் தேயிலையை விற்கத் தொடங்கினர். தோட்டம் ஒருவரிடமும் பெயர் மற்றொருவரிடமும் இருக்கக்கூடும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிலத்தைப் போலவே பெயரும் ஒரு சொத்து; அதைத் தனியே எழுதி வைத்துக் காக்க வேண்டும்.

இப்போது சிறு உழவர் நிலைக்கு வருவோம். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களைக் கொண்டது அஞ்சுநாடு. மலையின் மழைமறைவுப் பக்கத்தில் உள்ள நாடு இது. இவ்வழியே பாயும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. இவ்வூர்களில் விளையும் கரும்பைக் கொட்டகையிலேயே ஆட்டி, கரும்புச் சக்கையையே எரித்துப் பெரிய கொப்பரையில் சாறு காய்ச்சுகின்றனர். அழுக்கை நீக்கிப் பதம் பார்த்து இறக்கி, ஆறவைத்துக் கையால் உருண்டையாகப் பிடிக்கின்றனர். கருமை கலந்த பழுப்பு நிறமும் உப்புக்கரிக்காத இனிப்பும் மறையூர் வெல்லத்தின் அடையாளங்கள்.

பெயர் பரவப் பரவப் போலியும் பரவிற்று. வேறிடத்து வெல்லம் மறையூர்ப் பெயரால் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. அசல் வெல்லம் காய்ச்சியவருக்குக் கூலியும் விறகும் போக மிஞ்சுவது குறைந்தது. கரும்பை விட்டு வேறு பயிருக்கு மாறியவரும் உண்டு. ஒருவர் பெயரை மற்றொருவர் எடுத்துக்கொண்டால் ஊரின் தொழிலே தளரும் என்பதற்கு இது சான்று.

இதற்கு மருந்தாக வந்ததே புவிசார் குறியீடு. இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவாயிற்று. பாலக்காடன் மட்டை அரிசியும் இப்பதிவைப் பெற்றது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு 2019இல் மறையூர் வெல்லம் பதிவாயிற்று. 2022இல் அட்டப்பாடித் துவரையும், ஆட்டுக்கொம்பு அவரையும், காந்தளூர்–வட்டவடைப் பூண்டும் அவ்வரிசையில் சேர்ந்தன. இச்சட்டத்தின் சிறப்பு யாதெனில், பெயர் தனியொருவருக்கு உரிமையாவதில்லை. அவ்வூரில் முறைப்படி விளைப்போர் அனைவருக்கும் பொதுவாகிறது. ஆயினும் ஊர்ப்பெயர் பதிவானதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு விளைவிப்பவரும் உரிமை பெற்ற பயனாளியாகத் தம்மைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் குறியீட்டைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டு விற்க வேண்டும். சாக்கில் கட்டி இடைத்தரகரிடம் கொடுத்துவிட்டால், சட்டம் அளித்த பெயர் சாக்குக்குள்ளேயே மறைந்துவிடும்.

பெயர்ப்பலகை இன்றியே பெயர்பெற்ற தொழிலும் இந்நாட்டில் உண்டு. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிக்கு அருகே இராமசேரி என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பத்தினர் அங்கே மண்கலத்தின் வாயில் துணி விரித்து, மாவு ஊற்றி, விறகடுப்பில் இட்டலி அவிக்கின்றனர். தோசையைப் போல் தட்டையாக, நடுவில் சற்றுப் பருத்து, மென்மையாக இருக்கும் அதன் உருவமே அதற்கு விளம்பரம். ஒருமுறை கண்டவர் வேறெந்த இட்டலியோடும் அதைக் குழப்பிக்கொள்ளமாட்டார். ஆனால் இன்று அதைச் செய்வோர் சில குடும்பத்தினரே. மண்கலம் வனைவோரும் அவ்வுழைப்பை ஏற்க இளைஞரும் இல்லாது போனால் பெயர் மட்டும் நின்று பயனில்லை. பொறி பொருளைக் காக்கும்; பொருளைச் செய்யும் கையையும் காக்க வேண்டியது நம் கடமை.

இவ்வரலாற்றிலிருந்து சிறு கடைக்காரரும் கைத்தொழிலாளரும் கொள்ளத்தக்க நெறிகள் சில உண்டு. முதலாவது, பெயர் சிறியதாகவும் சொல்ல எளியதாகவும் இருக்கட்டும். முடியுமானால் ஊரையும் அது சுட்டட்டும். இரண்டாவது, ஒரே படத்தையும் ஒரே நிறத்தையும் ஒரே எழுத்துவடிவையும் பலகையிலும் பையிலும் ரசீதிலும் மாறாமல் வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மாற்றினால் பழைய வாடிக்கையாளர் நம்மை அடையாளம் காணார். மூன்றாவது, பலகையில் எல்லாவற்றையும் எழுத முயலவேண்டாம். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்கக்கூடியதே பலகை. மற்றவை கடைக்குள் இருக்கட்டும். நான்காவது, பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்த நாள், முகவரி, உணவுப்பொருளாயின் உரிம எண் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். இவை சட்டம் கேட்பவை. நம்பிக்கையும் இவற்றையே கேட்கிறது. ஐந்தாவது, பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஊருக்கே பொதுவான பெயராயின் தனியே உரிமை கோராமல், ஊரார் ஒன்றுகூடிக் காப்பதே முறை.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கடை நடத்தும் நம்மவருக்கு இவை இன்னும் நெருங்கிய செய்திகள். வாழும் மாநிலத்தின் மொழிக்குப் பலகையில் முதலிடம் தருவதைப் பல இடங்களில் சட்டமும் கேட்கிறது. அயலாரின் நல்லெண்ணமும் அதனால் வளரும். அதன் அருகே தமிழெழுத்தில் நம் பெயரும் நின்றால், தொலைவிலிருந்து வந்த ஒருவர் அதைக் கண்டு உள்ளே நுழைவார். சித்தூர்ப் பக்கத்துக் கடைவீதிகளில் இருமொழிப் பலகைகள் நெடுநாளாக அருகருகே தொங்குகின்றன. அதனால் எந்த மொழிக்கும் குறைவு வந்ததில்லை.

வாங்குவோராகவும் நமக்கு ஒரு பங்கு உண்டு. பண்டிகைக்கு வெல்லம் வாங்கும்போது 'நல்ல வெல்லம் கொடுங்கள்' என்று கேட்பதைவிட 'மறையூர் வெல்லம் இருக்கிறதா, குறியீடு இருக்கிறதா' என்று கேட்பது மேல். கேட்பவர் பெருகினால் கடைக்காரர் தேடுவார். கடைக்காரர் தேடினால் போலி தயங்கும். பெயரைப் படைப்பது விளைப்பவர் கை. அப்பெயரை மெய்யாக நிலைக்கச் செய்வது, அதைச் சொல்லிக் கேட்கும் நம் வாய்.