1970ஆம் ஆண்டின் ஒரு வரி: பழைய மோட்டார் சாரத்தியம் மேலானதா?

இந்தியச் சாலைகளில் மோட்டார் ஓட்டும் திறம் முன்பு சிறந்திருந்து இன்று கெட்டுவிட்டதா, அல்லது முன்பு கெட்டிருந்து இன்று தேறியிருக்கிறதா என்ற விவாதத்தில், ஒன்றையொன்று மறுக்கும் இரு கட்சியாரும் ஒரே ஆவணத்தின் ஒரே வரியைத் தமக்குப் பிரமாணமாகக் காட்டி வந்திருப்பது விசித்திரமான விஷயம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில், ஆண்டுவாரியான நெடிய அட்டவணையின் உச்சியில் நிற்கும் 1970ஆம் ஆண்டுக்குரிய வரியே அது. விபத்துகள் 1,14,100, மாண்டோர் 14,500, காயமுற்றோர் 70,100, பதிவான வாகனங்கள் சுமார் 14 லட்சம், மக்கள் தொகை 53.9 கோடி. நம் விவாதத்துக்கு வேண்டிய அதன் வாசகம் இவ்வளவே. இதை முற்றும் படித்தால் இரண்டு கட்சிகளுமே நிலைபெறா என்பதும், பழைய டிரைவர் இன்றையவரினும் மேலானவராக இருந்தார் என்பதற்கு இதில் சான்றில்லை, அவருடைய பிழை மெதுவாக நேர்ந்தது என்பதற்கே சான்றுண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

பழமையைப் போற்றும் கட்சியார் மாண்டோர் தொகையை மக்கள் தொகையால் வகுத்து, 1970இல் லட்சம் பேருக்கு 2.7 பேரே சாலையில் இறந்தனர் என்றும், 1,68,491 பேர் மாண்ட 2022இல் அது 12 ஆக ஏறிவிட்டது என்றும், ஆகவே நிதானமும் ஒழுக்கமும் நம் சாலைகளை விட்டு அகன்றுவிட்டன என்றும் சாதிக்கின்றனர். முன்னேற்றக் கட்சியாரோ அதே தொகையை வாகனத் தொகையால் வகுத்து, பதினாயிரம் வாகனங்களுக்கு 103 என்றிருந்த மரணம் இன்று ஐந்துக்கும் கீழே இறங்கியிருப்பதால், ஓட்டும் திறம் இருபது மடங்கு தேறியதாகக் கொள்கின்றனர். இரண்டு வகுத்தலிலும் கணக்குப் பிழை இல்லை. எதை எதனால் வகுப்பது என்பதிலேதான் பிழை இருக்கிறது.

முதற்கட்சியைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. 385 பேருக்கு ஒரு வாகனம் என்றிருந்த தேசத்தில், தம் ஊர் மண்பாதையில் நாள் முழுதும் ஒரு மோட்டாரையும் காணாத கோடிக்கணக்கானவர் மோட்டாரால் சாகவில்லை என்பது மோட்டார் ஓட்டியவரின் குணவிசேஷத்தைக் காட்டாது. வாகனங்கள் அரிதாக இருந்தன என்பதை மட்டுமே காட்டும்.

இரண்டாம் கட்சி சற்று வலுவுடையது; ஆதலால் அதனிடம் சற்றுத் தங்க வேண்டும். 1970இல் 97 வாகனங்களுக்கு ஒன்று என்ற வீதத்தில் மரணமும், 12 வாகனங்களுக்கு ஒன்று என்ற வீதத்தில் விபத்தும் நேர்ந்தன என்பதை நினைத்தால், அந்நாளைய சாரத்தியத்தைப் பொற்காலம் என்பதற்கு நா எழாது. ஆயினும் இங்கே வகுக்கும் தொகை என்ன வகைப் பிராணி என்று பார்க்க வேண்டாமா? 1971இல் பதிவாகியிருந்த 18.65 லட்சம் வாகனங்களில் இருசக்கர வாகனம் 5.76 லட்சம், கார், ஜீப், டாக்சி 6.82 லட்சம், லாரி முதலிய சரக்கு வாகனம் 3.43 லட்சம், பஸ் 94 ஆயிரம். அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை, இரவும் பகலும் ஓடி வயிறு வளர்த்தாக வேண்டிய பார வண்டிகள். இன்றோ நாலில் மூன்று பங்கு இருசக்கர வாகனம். லாரியும் பஸ்ஸும் சேர்ந்தும் நூற்றுக்குப் பத்தை எட்டா. சேலத்திலிருந்து பம்பாய்க்குச் சரக்கேற்றிப் போய்த் திரும்பும் ஒரு லாரியையும், காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் ஒரு ஸ்கூட்டரையும் தலைக்கு ஒன்றென எண்ணி, அவற்றின் சராசரி இறங்கியதைச் சாரத்தியத்தின் தேர்ச்சியாகக் கொள்வது நியாயமன்று. வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரத்தால் வகுப்பதே உத்தமம்; அதற்கு வேண்டிய கணக்கு இந்த அட்டவணையில் இல்லை.

ஆகவே வேறொரு அளவுகோல் வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவுக்குக் கணக்காய்வு செய்த ஆர். ஜே. ஸ்மீட் என்பவர், 1938ஆம் ஆண்டில் இருபது தேசங்களில் நேர்ந்த சாலை மரணங்களை ஒப்பிட்டு 1949இல் ஒரு சூத்திரம் வகுத்தார். வாகனத் தொகையை மக்கள் தொகையின் வர்க்கத்தால் பெருக்கி, வருவதற்குக் கனமூலம் கண்டு, அதில் பதினாயிரத்துக்கு மூன்று பங்கு எடுத்தால், அத்தேசத்தில் ஓராண்டில் எதிர்பார்க்கத்தக்க சாலை மரணம் கிடைக்கும். வாகனம் பெருகப் பெருக, வாகனத்துக்கு இத்தனை என்ற மரண வீதம் தானே இறங்கும் என்பது இச்சூத்திரத்தின் உட்கிடை. எனவே வீதம் இறங்கியது என்று சொல்வது போதாது. தானே இறங்க வேண்டிய அளவுக்கு மேலும் இறங்கியதா என்பதே கேள்வி. வாகனத்துக்கு இத்தனை என்ற வீதமாக எழுதும்போது சூத்திரத்தின் இரு புறத்திலும் வாகனத் தொகையே வருவதால் இது வெறும் கணித மாயை என்று சிலர் ஆக்ஷேபிப்பதுண்டு. இரண்டு காலங்களை ஒரே கோலால் அளப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துகிற நமக்கு அந்த ஆக்ஷேபம் தடையாகாது.

1970ஆம் ஆண்டு வரியை இச்சூத்திரத்தில் இட்டால் எதிர்பார்க்கத்தக்க மரணம் ஏறத்தாழ 22,200 என வருகிறது. நேர்ந்தது 14,500, அதாவது நூற்றுக்கு 65. மக்கள் தொகை 140 கோடி, வாகனம் சுமார் 35 கோடி என்று கொண்டு 2022ஐ இட்டால் எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ 2,65,000. நேர்ந்தது 1,68,491, அதாவது நூற்றுக்கு 64. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும், வாகனம் 250 மடங்கு பெருகியும், இந்த விகிதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதில் தற்செயலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஓட்டமற்றுப் பதிவேட்டில் மட்டும் வாழும் பழைய வாகனங்களைக் கழித்துவிட்டால் இன்றைய விகிதம் சற்று ஏறவும் கூடும். ஆயினும் இருபது மடங்கு தேர்ச்சி என்பதற்கு இங்கே இடமில்லை என்பது நிச்சயம்.

இச்சூத்திரம் எங்கும் இப்படியே அசையாது நிற்கும் போலும் என்று எண்ணுவோர், அது பிறந்த நாட்டையே பார்க்கலாம். பிரிட்டனில் 1966இல் 7,985 பேர் மாண்டனர். 1 கோடியே 30 லட்சம் வாகனங்கள் ஓடிய அந்நாட்டுக்குச் சூத்திரம் சொல்வதில் அது சுமார் ஐந்தில் நான்கு பங்கு. 2019இல் மாண்டவர் 1,752. அது பத்தில் ஒரு பங்கு. இடையிலே 70 மைல் வேக வரம்பு நிலையாயிற்று; 1967இல் மூச்சுச் சோதனையும், 1983இல் முன்னிருக்கைக்கு வார்ப்பட்டைக் கட்டாயமும் வந்தன. ஆங்கிலேயர் தலைமுறைக்குத் தலைமுறை சுபாவத்தில் சாதுவாகிவிட்டனர் என்று இதற்கு வியாக்கியானம் செய்பவர் எவரும் இல்லை. நம் விஷயத்தில் மட்டும் ஏன் குணத்தைத் தேடுகிறோம்?

இனி, இரண்டு கட்சியாரும் தொடாது விட்ட கட்டத்துக்கு வருவோம். 1970இல் 1,14,100 விபத்துகளில் 14,500 பேர் மாண்டனர்; நூறு விபத்துக்கு 13 பேர் எனலாம். 2022இல் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர். நூறு விபத்துக்கு 36 பேருக்கும் மேல். அன்று ஒருவர் மாண்டால் ஐவர் காயத்தோடு தப்பினர். இன்று ஒருவருக்கு மூவர்கூடத் தப்புவதில்லை. விபத்து நான்கு மடங்குதான் பெருகியது, மரணமோ ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. என் வாதத்தின் உயிர்நிலை இந்தப் பேதத்தில்தான் இருக்கிறது. அன்றைய டிரைவர் அடிக்கடி மோதினார். மோதியபோது பெரும்பாலும் மட்கார்டு நசுங்கிற்று, சைக்கிள்காரனுக்கு முழங்கால் பெயர்ந்தது, பஞ்சாயத்து கூடிற்று. இன்றைய டிரைவர் வாகனத்துக்கு இத்தனை என்ற கணக்கில் மிக அரிதாகவே மோதுகிறார், மோதினால் சாவு.

சிறு விபத்துகள் இன்று போலீஸ் நிலையம் வரை போவதில்லை, அதனால்தான் மரண விகிதம் பெருகித் தோன்றுகிறது என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நஷ்டஈடு கோரும் வழக்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வழக்குப் பதிவை வேண்டி நிற்கும் இக்காலத்தைவிட, டெலிபோனே அரிதாயிருந்த 1970இல் சிறு காயங்கள் அதிகம் பதிவாயின என்பதை என்னால் நம்ப இயலவில்லை.

வேகமே இதற்குக் காரணம் என்று சொல்லும்போது, 2022ஆம் ஆண்டு மரணங்களில் நூற்றுக்கு 71 அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அதே அறிக்கை கூறுவதை நான் துணைக்கு அழைக்கவில்லை. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதுவது காவல்துறையின் கைப்பழக்கம் என்பதைக் கோர்ட்டு வாசல் மிதித்தவர் அறிவர். சாலையையே சாட்சிக்கு அழைக்கலாம். மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டே பங்கான தேசிய நெடுஞ்சாலைகளில்தான் அவ்வாண்டு மாண்டவர்களில் 61,038 பேர், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், மாண்டனர். இருபுறமும் புளியமரம் நெருங்கி நிற்க, எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி விலகவேண்டியிருந்த பழைய கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையில், நிதானம் ஓட்டுபவரின் குணமாக இருக்க அவசியமில்லை. சாலையே அதை விதித்தது. நான்கு வழியாக விரிந்த அதே சாலையில் அவ்விதி நீங்கிற்று. 2018இல் மத்திய அரசு அத்தகைய சாலைகளில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதித்து ஓர் அறிவிக்கை வெளியிட, சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அதை ரத்து செய்தது.

பழமைக் கட்சியாருக்கு இன்னும் ஒரு பிரமாணம் எஞ்சியிருக்கிறது. அது எண்ணால் ஆனதன்று. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிற்சேர்க்கையில் விதிக்கப்பட்ட கைச் சமிக்ஞைகளைக் காட்டி, பின்னே வருபவனுக்கு வழிவிட்டுக் கையசைக்கும் மரியாதை அக்காலத்தில் சட்டமாகவே இருந்தது என்கின்றனர். சட்டத்தில் இருந்தது மெய். அதைச் செய்து பார்ப்போம். வலப்புறம் திரும்ப விரும்பும் டிரைவர், வலக்கையை வெளியே நேராக நீட்டி, உள்ளங்கையை முன்புறம் காட்ட வேண்டும். அம்பாசடரில் கியர் தண்டு ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் இருந்தது. வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்க இடக்கை அதற்குப் போகும். வலக்கை வெளியே, இடக்கை கியரில். சக்கரத்தைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? லாரிக்காரனுக்கோ டபுள் கிளட்ச் போட்டுக் கியர் மாற்றும் நேரமும் சேர்ந்து நீளும். இடப்புறம் திரும்புவதற்கான சமிக்ஞை இதனினும் விநோதம்: வலக்கையை வலப்புற ஜன்னலுக்கு வெளியே நீட்டி இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். இந்தத் திருப்பத்தால் அடிபடக் கூடியவன் லாரியின் இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள்காரன். அவனுக்கு அந்தக் கை தெரியாது. ஆகையால்தான் இடப்பக்கத்தில் கிளீனர் பையன் தொங்கிக்கொண்டு கதவைத் தட்டிக் கூவ வேண்டியிருந்தது. இருட்டிய பின் இந்தச் சமிக்ஞைகள் எவர் கண்ணிலும் படா என்பதைச் சொல்லவே வேண்டாம். பின்னே வருபவனைக் கையசைத்து முன்னே விடும் உபசாரம் இருந்தது உண்மையே. ஒற்றைத் தார்ப்பட்டையில் முன்னே போகும் லாரிக்காரன் ஒதுங்காமல் பின்னவன் போகவே இயலாத நிலையில் பிறந்த உபசாரம் அது. தேவையிலிருந்து பிறந்த வழக்கம் என்பதால் அதன் அழகு குறையாது. தேவை தீர்ந்ததும் வழக்கம் போனதற்கு மனிதனின் வீழ்ச்சி காரணமாகாது என்பது மட்டுமே நான் சொல்வது.

ஒன்று மட்டும் இன்னும் நிர்ணயம் ஆகவில்லை. 1970இல் சாலையோரம் கிடந்தவனை எடுத்துச் செல்ல 108 ஆம்புலன்ஸ் இல்லை. தமிழ்நாட்டில் அது 2008இல்தான் வந்தது. தலைக்காயத்துக்குச் சிகிச்சை சில பெருநகரங்களில் மட்டுமே கிடைத்தது. காரின் பிரேக்கும் இன்று தேறியிருக்கிறது, முன்கண்ணாடியும் சிதறிக் கண்ணைக் குத்துவதில்லை, காற்றுப்பையும் வந்துவிட்டது. இவ்வளவு உயிர்களைக் காக்கும் சாதனங்கள் சேர்ந்த பின்பும் ஸ்மீட் விகிதம் 65இலிருந்து 64க்கு மட்டுமே இறங்கியிருக்கிறதென்றால், இச்சாதனங்கள் ஈட்டியதை எல்லாம் வேகம் தின்றுவிட்டது என்றாகிறது. அது எத்தனை உயிர் என்று எண்ணிச் சொல்ல, பிழைத்தவர்களின் காயத்தை ஆண்டுவாரியாகத் தரம் பிரித்த ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் வேண்டும். 1970ஆம் ஆண்டு வரியில் 70,100 என்ற தொகை மட்டும் நிற்கிறது; அவர்களில் எவர் கை முறிந்தவர், எவர் மண்டை உடைந்தவர் என்ற பாகுபாடு அவ்வட்டவணையில் இல்லை.