புத்தளம் ஏற்றுக்கொண்ட மக்கள்

மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்ஸாரிகள் வரவேற்ற வரலாற்றை மிம்பர்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்காகத் துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டதும் நாம் அறிந்தவையே. அவ்வரலாற்றை நினைவூட்டும் நிகழ்வொன்று நம் காலத்திலேயே, நம் மொழி பேசும் முஸ்லிம்களிடையே, இலங்கையின் மேற்குக் கரையில் நிகழ்ந்தது. நம் பக்கத்து ஏடுகளில் அது போதிய அளவு எழுதப்படவில்லை என்றே கருதுகிறோம்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினர். அம்மாதம் 15ஆம் தேதி சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், 30ஆம் தேதி யாழ்ப்பாண நகரை எட்டியது. அங்கே ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்ட மக்கள் ஜின்னா மைதானத்தில் கூடினர். இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்தவர்களும், தையற்காரர்களும், ஆசிரியர்களும் நூற்றைம்பது ரூபாயும் மாற்றுடையுமாகத் தெருவில் நின்றனர். அண்டை வீட்டுத் தமிழ் மக்கள் பலர் அழுது வழியனுப்பினர் என்பதையும் இங்கே பதிவு செய்வது நியாயம். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இவ்வாறு ஊரிழந்தனர்.

யாழ்ப்பாணத்தவர் நடந்தும் லாரிகளிலும் வவுனியா வழியாகத் தெற்கே வந்தனர். மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். உப்பளமும் தென்னந்தோப்பும் களப்பு மீன்பிடியுமாக வாழும் அப்பகுதி செல்வம் கொழிக்கும் ஊரன்று. ஆயினும் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. வீட்டுத் திண்ணைகளிலும் குடும்பங்கள் தங்கின. ஊர் இளைஞர்கள் வீடு வீடாக அரிசியும் துணியும் திரட்டினர். பெரிய சட்டிகளில் சோறு ஆக்கப்பட்டது. அரசின் கைக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்கும் முன்னதாக நீண்டவை அந்த ஊர்க் கைகளே.

ஆனால் நாம் வியப்பது அந்த முதல் வாரங்களை மட்டுமன்று. பசித்தவனுக்குச் சோறிடுவது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. சில வாரங்களில் திரும்பிவிடுவார்கள் என்று எண்ணிய விருந்தினர் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு புத்தளத்தார் செய்ததே பெரிது. பள்ளிக்கூடங்களைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நில உரிமையாளர்கள் பலர் தம் தென்னந்தோப்புகளில் குடிசை போட இடம் கொடுத்தனர். கிடுகு வேய்ந்த குடிசைகள் வரிசையாக எழுந்தன. ஓர் ஊரார் கூடியமட்டும் ஓரிடத்திலேயே தங்கினர். எருக்கலம்பிட்டியார் நாகவில்லுவில் சேர்ந்து வாழ்ந்தனர். தில்லையடியில் யாழ்ப்பாணத்தார் பலர் குடியேறினர். இதனால் பழைய ஊரின் ஜமாஅத்தும் உறவும் பெரியவர்களின் சொல்லும் சிதறாமல் நின்றன. முகாம் முகாமாக ஆட்களைப் பிரித்துப் போட்டிருந்தால் இது வாய்த்திருக்காது.

கசப்பு வரவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய் பெறுமதியான உலர் உணவை அரசு வழங்கியது. விலைவாசி ஏற ஏற அத்தொகை பல்லாண்டுகள் அப்படியே நின்றது. அது போதாமையால் இடம்பெயர்ந்த பெண்களும் ஆண்களும் வெங்காயத் தோட்டங்களுக்கும் உப்பளங்களுக்கும் கூலிக்குச் சென்றனர். கிடைத்த கூலிக்கு அவர்கள் வேலை செய்ய, உள்ளூர் ஏழைக் கூலியாளின் வருமானம் குறைந்தது. களப்பில் வலைகள் பெருகின. மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீருக்கும் நெருக்கடி வந்தது. அரசு வேலையும் பல்கலைக்கழக அனுமதியும் மாவட்டக் கணக்கில் பார்க்கப்படும் நாடாகையால், இது யாருடைய பங்கு என்ற கேள்வியும் எழுந்தது. தோப்புக் கொடுத்த செல்வந்தரைவிட, நாட்கூலியையும் கிணற்று நீரையும் பகிர நேர்ந்த ஏழைப் புத்தளத்தாரே கூடுதலாகக் கொடுத்தவர்கள் என்பது நமது கணிப்பு. எந்த நன்கொடைப் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை.

மற்றொரு வலி ஒரு சொல்லால் வந்தது. ‘அகதி’ என்ற சொல் முதலில் இரக்கத்தைத் தந்தது. பின்னர் ஏச்சாகவும் மாறியது. புத்தளத்திலேயே பிறந்து, வடக்கை ஒருநாளும் காணாத பிள்ளைகளையும் அது பின்தொடர்ந்தது.

இடம்பெயர்ந்தோரும் கைகட்டி இருக்கவில்லை. சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபியைப் போலவே அவர்களில் வணிகம் அறிந்தோர் சிறு கடைகள் வைத்தனர். ஆசிரியர்கள் ஓலைக் கொட்டில்களிலும் வகுப்பெடுத்தனர். படித்த இளைஞர்கள் தொண்டு அமைப்புகளில் சேர்ந்து முகாம்களில் கழிப்பறையும் கிணறும் அமைக்க உழைத்தனர். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தம் மக்கள் இழந்தவற்றை ஊர் ஊராகக் கணக்கெடுத்து ஆவணமாக்கினார். 2018இல் அவர் மறையும் வரை அப்பணி தொடர்ந்தது. அவரைப் போன்றோர் இல்லையெனில் இந்த வரலாற்றின் பெரும்பகுதி வாய்மொழியோடு போயிருக்கும்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், அந்த வெளியேற்றம் தவறு என்று புலிகள் தரப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும் திரும்பிச் செல்லும் பாதை அப்போது திறக்கவில்லை. 2006 அளவிலும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புத்தளத்திலேயே இருந்தனர். 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய வீட்டுத் திட்டம் நிரந்தர வீடுகளுக்கு வழிசெய்தது. சொந்தமாகக் காணி இருந்தால்தான் வீடு என்ற விதியால், கூலிவேலை செய்து சிறு துண்டு நிலம் வாங்கி வைத்திருந்த குடும்பங்கள் பயனடைந்தன. குடிநீர் முதலிய வசதிகள் அயலிலிருந்த உள்ளூர் மக்களையும் சென்றடைந்தன. தொடக்கத்திலேயே இவ்விரு சாராரையும் சேர்த்தே எண்ணியிருந்தால் கசப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். முசலியில் வயலும் வீட்டு மனையும் காடாகிக் கிடந்தன. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் கூரையற்ற சுவர்களே வரவேற்றன. பலருக்கு ஒரு வீடு இரண்டாயிற்று. முதியவர் வடக்கே சென்று காணியைத் துப்புரவாக்க, பிள்ளைகள் பள்ளிப் படிப்புக்காகப் புத்தளத்தில் தங்கினர். இதற்குள் இரு சாராரிடையே நிக்காஹ்கள் நடந்து சம்பந்திகளாகிவிட்டனர். 1990இல் வந்து இறங்கிய மூத்தோரில் பலர் புத்தளத்து மையவாடிகளில், இடம் கொடுத்தவர்களின் பெற்றோருக்கு அருகிலேயே அடங்கியிருக்கின்றனர்.