பூட்டும் சாவியும்: ஒரு கம்ப்யூட்டர்காரனின் நினைவலைகள்

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, “முப்பது வருஷமா கம்ப்யூட்டர் துறையில இருக்கே. ஓபன் சோர்ஸ், பிரைவசி, ஏ.ஐ., பண்பாடு... இப்படி ஏதாவது நம்ம பசங்களுக்கும் புரியற மாதிரி எழுதிக் கொடுப்பா” என்று கேட்டார்கள். நாலு தலைப்புக்கு நாலு பக்கம்! எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, பதில் ஒரு தபால் உறையில் வந்து சேர்ந்தது.

உள்ளே ஒரு பழைய ஃப்ளாப்பி. நம் கல்லூரியின் 1996 சந்திப்பு மலரை டி.டி.பி. செய்த கோப்புகள் அதில் இருந்தன. அன்றைய மலர்க்குழுச் செயலாளர் வீட்டைக் காலி செய்யும்போது அலமாரியில் கண்டெடுத்து அனுப்பியிருந்தார். “நம்ம பேராசிரியர்கள் பலர் எழுதிய கட்டுரை இதிலே இருக்கு. இப்போ அவங்களும் இல்லை, அச்சுப் பிரதியும் கரையான் தின்ன ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். எப்படியாவது எடுத்துடுப்பா” என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார்.

ஃப்ளாப்பியைப் படிக்கும் கருவி கிடைத்தது. கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையில் கொம்பு முளைத்த பிரெஞ்சு எழுத்துகளும், பவுண்டு, யென் நாணயக் குறிகளும் கலந்த ஒரு கூட்டாஞ்சோறுதான் இருந்தது. அந்தத் தமிழ் எழுத்துருவை விற்ற நிறுவனம் மூடிப் பல காலம் ஆகிறது. கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால்தான் அந்த மென்பொருள் ஓடும் என்று ஒரு சின்னப் பூட்டுக் கருவியும் அன்று கொடுத்திருந்தார்கள். அதுவும் தொலைந்து போயிற்று. நாம் எழுதிய தமிழ்தான், நம் பேராசிரியர்களின் தமிழ்தான். சாவி மட்டும் வேறொருவரிடம் இருந்தது. அவர் போய்விட்டார்.

நான் சொல்ல வேண்டிய கதை முழுவதும் இந்த ஃப்ளாப்பிக்குள் இருக்கிறது, நண்பர்களே!

ஜெராக்ஸ் எடுத்துப் படித்த பாடம்

மென்பொருளை மனிதன் எழுதும் வடிவத்துக்கு மூல நிரல் என்று பெயர். அது கையில் இருந்தால் படிக்கலாம், பழுது பார்க்கலாம். இல்லாவிட்டால் விற்றவர் வைத்ததுதான் சட்டம்.

ஆரம்ப காலத்தில் இது பூட்டி வைக்கிற பொருளாக இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் பிறந்த யுனிக்ஸ், பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலுடனேயே போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஜான் லயன்ஸ், யுனிக்ஸின் ஆறாம் பதிப்பை வரிவரியாக விளக்கி, 1970-களின் நடுவில் தம் மாணவர்களுக்காகப் பாடக்குறிப்பு எழுதினார். பிறகு வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று நிபந்தனை வந்துவிட்டது. மாணவர்கள் சும்மா இருப்பார்களா? நகலுக்கு நகல் எடுத்து, எழுத்து மங்க மங்க உலகமெங்கும் படித்தார்கள். அந்தக் குறிப்பு முறையான அனுமதியுடன் புத்தகமாக வெளிவந்தது 1996-இல்தான். பரீட்சைக்கு முதல் நாள் சீனியரின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்த நமக்கு இந்தக் கதையை விளக்கவா வேண்டும்!

வகுப்பறையில் விழுந்த அந்தப் பூட்டுக்கு ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் ஒரு பதில் சொன்னார். மாணவர் படிப்பதற்கென்றே ‘மினிக்ஸ்’ என்ற சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, 1987-இல் பாடநூலோடு வெளியிட்டார். அதைப் படித்தவர்களில் ஒருவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டில், தமது 21-ஆம் வயதில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அவர் அறிவித்தார். அதுதான் லினக்ஸ்.

இன்னொரு கிளைக் கதையும் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். முந்தைய பிரிண்டரின் மென்பொருளை அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அது இருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் போய்க் கேட்டார். “தர மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்” என்று பதில் வந்தது.

பிரிண்டர் சின்ன விஷயந்தான். ஆனால் ஒரு படித்தவர் இன்னொரு படித்தவருக்கு உதவாமல் இருக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரே என்பதுதான் ஸ்டால்மனைச் சுட்டது. 1983 செப்டம்பரில் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம்; ஆனால் தரும்போது அதே உரிமைகளோடுதான் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1992-இல் லினக்ஸும் அந்த உரிமத்தின் கீழ் வந்தது. ‘ஓபன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-இல் சூட்டப்பட்டது. உலகின் அதிவேக 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடிமடியிலும் அதுவேதான்.

தமிழுக்கு விழுந்த பூட்டு

இனி நம் ஃப்ளாப்பிக்கு வருவோம். அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள். அந்த இடங்களில் எந்தத் தமிழ் எழுத்தை எங்கே உட்கார வைப்பது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் இஷ்டம். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ணை’ வைத்தார். ஒரு பத்திரிகை அனுப்பிய கோப்பை இன்னொரு பத்திரிகை படிக்க முடியாது. வெள்ளைக்காரன் போட்ட பூட்டு அல்ல இது. நாமே நமக்குப் போட்டுக் கொண்டது.

திறந்தவர்களும் நம்மவர்களே. சுவிட்சர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து யாவருக்கும் இலவசமாகத் தரும் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பகலில் வேலை, இரவில் ஒரு பக்கம் தட்டச்சு என்று உழைத்த தன்னார்வலர்கள் அவர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் ‘தமிழ் 99’ விசைப்பலகை பிறந்தது.

இதற்கிடையே 1991-இல் வெளியான யுனிகோடு, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பொது அட்டவணை போட்டது. அதில் தமிழுக்குக் கிடைத்தது 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி. நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லையே என்ற குறை அன்றே எழுந்தது. 2010-இல் தமிழக அரசு யுனிகோடையும், எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் மாற்று முறையையும் சேர்த்தே ஏற்றது. குறை இருந்தாலும் யுனிகோடு அட்டவணை பகிரங்கமானது. யாருடைய நிறுவனம் மூடினாலும் எழுத்து மூடாது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அந்தத் தைரியத்தில் எழுந்த கட்டடம்.

ரகசியம் சாவியில்

“எல்லாம் திறந்து கிடந்தால் பாதுகாப்பு ஏது?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு 1883-லேயே பதில் சொன்னவர் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர். சங்கேத முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் ஆபத்து வரக் கூடாது, ரகசியம் சாவியில் மட்டுமே இருக்க வேண்டும் என்றார். திண்டுக்கல் பூட்டு எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஊரே பார்க்கலாம். அதனால் உங்கள் வீட்டுப் பூட்டு திறந்து கொள்ளாது. சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது.

1991-இல் பில் ஜிம்மர்மன், சாதாரண மனிதனும் தன் கடிதத்தைப் பூட்டி அனுப்ப ‘பி.ஜி.பி.’ என்ற மென்பொருளை மூல நிரலோடு வெளியிட்டார். சங்கேத மென்பொருளை ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு அவர் மீது விசாரணை நடத்தியது. 1995-இல் அந்த நிரல் முழுவதையும் எம்.ஐ.டி. பதிப்பகம் புத்தகமாகவே அச்சிட்டுவிட்டது. புத்தகத்தை ஆயுதம் என்று எப்படித் தடுப்பது? 1996 ஜனவரியில் விசாரணை கைவிடப்பட்டது.

திறந்திருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பார்க்க ஆள் வேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் கம்ப்யூட்டரில் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று தோண்டிப் பார்த்தார். ‘எக்ஸ்.இசட்.’ என்ற சிறு நிரலுக்குள் யாரோ ஒரு கள்ளக் கதவு வைத்திருந்தது வெளிப்பட்டது. சம்பளமில்லாமல் அதைப் பராமரித்து வந்த ஒற்றைத் தன்னார்வலரின் களைப்பைப் பயன்படுத்திக் கொண்டுதான் கள்வன் உள்ளே வந்திருந்தான். பொதுக்கிணற்றில் எல்லோரும் தண்ணீர் இறைக்கிறோம். தூர் வாருகிறவர் எத்தனை பேர்?

நம் நாட்டில், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது.

பேசும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு நேற்று வந்ததல்ல. 1966-இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே மனநல மருத்துவர் பாணியில் கேள்வியாகத் திருப்பிப் போடும் நிரல், அவ்வளவுதான். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சற்றுப் பேசியதும், “நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்” என்று சொல்லிவிட்டாராம்! உரையாடல்களைப் பதிவு செய்து பார்க்கலாமா என்று வைசன்பாம் யோசித்தபோது, அந்தரங்கத்தை ஒட்டுக் கேட்பதா என்று எதிர்ப்பு வந்தது. மனிதன் இயந்திரத்திடம் மனதைத் திறந்து விடுவான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின் இன்று கோடிக்கணக்கானோர் அப்படித் திறக்கிறார்கள். இந்த இயந்திரங்கள் மனிதர் எழுதிய எழுத்துகளைப் படித்துப் படித்தே பேசக் கற்கின்றன. ஆங்கிலத்தில் எழுத்து மலையாகக் குவிந்திருக்கிறது. நம் தமிழோ பெருமளவு ஃப்ளாப்பிக்குள்ளும் கரையான் தின்ற தாளிலும் கிடக்கிறது. இணையத்தில் வழங்கும் குறியீட்டில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் ‘க’வுக்கு மூன்று, ‘கு’வுக்கு ஆறு. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு பழக்கிய இயந்திரம் தமிழைத் துண்டு துண்டாக நறுக்கியே விழுங்குகிறது. நாம் படிக்கக் கொடுக்காத தமிழை அது எங்கிருந்து பேசும்?

இங்கும் பூட்டுக் கேள்வி உண்டு. சில நிறுவனங்கள் “எங்கள் ஏ.ஐ. திறந்தது” என்று சொல்லி, பழக்கி முடித்த எண்களை மட்டும் தருகின்றன. எதைக் கொண்டு பழக்கினோம் என்று சொல்வதில்லை. அரைத்த மாவைக் கொடுத்துவிட்டு, என்ன அரிசி, எவ்வளவு உளுந்து என்பதை மறைப்பது போல. அதிலும் இட்லி சுடலாம், வாஸ்தவந்தான். மாவு புளித்தால் காரணம் தெரியாது.

நம் மலருக்கு ஒரு வேண்டுகோள்

அந்த ஃப்ளாப்பி என்ன ஆயிற்று? நம் கல்லூரியில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி அதைத் திறந்தார். மிச்சமிருந்த அச்சுப் பிரதியையும் கோப்பையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டார். யாரோ தன்னார்வலர்கள் எழுதி வைத்த திறந்த நிரல் ஒன்றை அதற்கேற்பத் திருத்தினார். மூன்றாம் நாள் இரவு, நம் தமிழ்ப் பேராசிரியரின் கட்டுரை யுனிகோடு தமிழில் என் திரைக்கு வந்தது. வகுப்பில் கேட்ட அதே குரல். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

“சார், மொத்தத்தையும் அப்படியே நெட்ல போட்டுடலாமா?” என்று கேட்டார் மாணவி. சரி என்று சொல்ல வாயெடுத்தவன், மலரின் கடைசிப் பக்கங்களைப் பார்த்து நின்றுவிட்டேன். நம் எல்லோருடைய வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள். ஒருவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி இன்றும் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். 1996-இல் இருநூறு பிரதி அச்சிட்டு நமக்குள் கொடுத்தோம். நம்பிக் கொடுத்தார்கள். இணையத்தில் போட்டால் அது ஊருக்கு மட்டுமல்ல, இயந்திரங்களுக்கும் இரை. விழுங்கியதை அவை கக்குவது எளிதல்ல.

“கட்டுரையைப் போடலாம்மா. முகவரி வேண்டாம்” என்றேன். “கட்டுரைக்கும் எழுதினவங்க குடும்பத்தைக் கேட்கணுமில்ல சார்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் படித்த அதே கல்லூரிதான். பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள்!

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, பழைய மலர்கள், ஃப்ளாப்பிகள் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ சம்மதம் பெற்று, யாரும் எடுத்துப் படிக்கும்படி பொது உரிமத்தில் வெளியிடுவோம். இரண்டாவது, இனி நம் மலரில் முகவரிப் பட்டியல், தாமாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். அதுவும் அச்சில் மட்டும். எழுதிக் கொடுக்காதவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அறிவுக்குப் பூட்டு வேண்டாம். வீட்டுக்குப் பூட்டு வேண்டும். அதன் சாவி அவரவர் கையில் இருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான். மற்றதை மதியச் சாப்பாட்டு வரிசையில் பேசிக் கொள்வோம். வாருங்கள்!