வெளிவராத ஒரு காமிராவின் வரலாறு

ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரத்தில், பாரத மிகுமின் நிறுவனத்தின் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் பழைய புகைப்பட ஆல்பம் ஒன்று அநேகமாக இருக்கும். அதைப் புரட்டினால், கறுப்பு வெள்ளையில் சிறு சதுரப் படங்கள் சில தென்படும். ஊரில் விட்டுவந்த பாட்டி, திண்ணை, தேர் நிற்கும் தெரு. ஆறு சென்டிமீட்டர் சதுரமான அப்படங்கள் 120 எண் படச்சுருளில் எடுக்கப்பட்டவை; பெரிதாக்காமல் அப்படியே தாளில் அச்சிடப்பட்டவை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஆதலால் பாட்டியைக் கண் இமைக்காமல் நிற்கச் சொன்ன பிறகே பொத்தானை அழுத்தினார்கள்.

நம் நாட்டில் பரோடாவில் தயாரான 'ஆக்பா கிளிக் 3' போன்ற எளிய காமிராக்கள் இவ்வகைப் படங்களை எடுத்தன. ஆயினும் இச்சதுரத்திற்குப் புகழ் தேடித் தந்தது 1929இல் ஜெர்மனியில் தோன்றிய ரோலைப்ளெக்ஸ். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலது பார்ப்பதற்கு, கீழது படம் எடுப்பதற்கு. இதைப் பின்பற்றிப் பல தேசத்தார் காமிரா செய்தனர். அவற்றுள் கடைக்கே வராமற்போன ஒன்றைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

டோக்கியோவில் 1917இல் நிறுவப்பட்ட நிப்பன் கோகாக்கு, யுத்த காலத்தில் ஜப்பானியப் படைகளுக்குத் தூரதிருஷ்டிக் கருவிகள் செய்து பெருத்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரிந்த அந்த ஸ்தாபனத்தில் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு பேரே எஞ்சினர். படைகள் இல்லை, ஆகவே வாங்குவாரும் இல்லை. கண்ணாடியை உருக்கவும் தேய்க்கவும் அறிந்த கைகள் மட்டும் இருந்தன. பொதுமக்கள் வாங்கக்கூடிய பொருள் எதுவென்று ஆராய்ந்து, காமிரா செய்யத் துணிந்தனர்.

இரண்டு திட்டங்கள் உருவாயின. ஒன்று, 35 மில்லிமீட்டர் சுருளில் இயங்கும் சிறு காமிரா. மற்றொன்று, ரோலைப்ளெக்ஸ் வழியில் இரட்டை வில்லையுடைய சதுரப்பட காமிரா. 1946இல் இரண்டுக்கும் முன்மாதிரிகள் செய்யும் முயற்சி தொடங்கியது. சிறு காமிரா தேறியது. சதுரப்பட காமிரா கைவிடப்பட்டது.

காரணம் வில்லை அன்று. வில்லையில் அவர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். தடையாக நின்றது ஷட்டர். இரட்டை வில்லைக் காமிராவில் மெல்லிய எஃகுத் தகடுகள் வில்லையின் நடுவே மலர்ந்து, நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்குள் கூம்ப வேண்டும். இது கடிகாரக்காரரின் நுட்பத்தை ஒத்த தனித்தொழில். ஜெர்மானியக் காமிராக்களுக்கு ம்யூனிக் நகரத்து டெக்கல் ஆலை 'காம்பூர்' ஷட்டர்களை அளித்து வந்தது. தோற்ற தேசத்தில், மூலப்பொருளுக்கே பஞ்சமான அந்நாளில், அத்தரத்து ஷட்டருக்கு எங்கே போவது? சிறு காமிராவுக்கோ படச்சுருளின் முன்னே ஓடும் துணித்திரை போதும். அதைத் தாமே செய்துகொள்ள முடிந்தது. எனவே இம்முடிவைத் தோல்வி என்று கூற எனக்கு மனம் வரவில்லை. பிறர் கையை எதிர்பார்க்கும் வேலையை விட்டு, தம் கைக்கு அடங்கிய வேலையைப் பற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. மின் விசையாழி செய்யும் ஊரில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேறிய பிள்ளைக்கும் கண்டம் இருந்தது. 1948இல் 'நிக்கான்' என்னும் பெயரோடு வெளிவந்த அக்காமிரா, படத்தின் அகலத்தை 36 மில்லிமீட்டருக்குப் பதிலாக 32ஆகக் குறுக்கி, ஒரு சுருளில் நாற்பது படங்கள் எடுத்தது. சிக்கனம் என்னவோ நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் வண்ணப்படச் சுருளை வெட்டும் இயந்திரங்களுக்கு அந்த அளவு பொருந்தவில்லை. ஏற்றுமதிக்கு அது இடையூறாயிற்று. அடுத்த வடிவத்தில் அகலத்தை 34 ஆக்கினர். 1950இல் கொரிய யுத்தத்தைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் முதலிய அமெரிக்க நிருபர்கள் நிக்கார் வில்லைகளின் கூர்மையைக் கண்டு வியந்த பிறகே உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

கைவிட்ட சதுரமும் அடியோடு மறைந்துவிடவில்லை. 1950களில் ஐரஸ் என்ற மற்றொரு ஜப்பானிய நிறுவனத்தின் இரட்டை வில்லைக் காமிரா ஒன்றில் நிக்கார் வில்லை இடம்பெற்றது. 1959இல் வெளிவந்த சென்சா பிரானிக்கா, ஆறு சென்டிமீட்டர் சதுரப் படம் எடுக்கும் உயர்தர காமிரா. அதற்கும் நிக்கார் வில்லையே பொருத்தப்பட்டது. அதன் ஷட்டர் வில்லைக்குள் இருக்கவில்லை. படச்சுருளின் முன்னே திரையாக ஓடியது.