அணைந்த டிவிக்குள் விழித்திருந்தது

நான் தூத்துக்குடியில் டிவி ரிப்பேர் வேலை பழகிய காலத்தில், இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பார்ப்பதற்காக மொட்டை மாடிகளில் உயர உயரமாக ஆன்டெனா நிற்கும். அன்றைய கறுப்பு வெள்ளை டிவியில் வால்யூம் குமிழைக் குறைத்துக் கடைசிவரை திருகினால் உள்ளே சுவிட்ச் 'டக்' என்று அணையும். அதற்கு மேல் கரண்ட் அந்தச் சுவிட்சைத் தாண்டாது.

அதைக் கெடுத்தது ரிமோட். அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி 1950இல் விட்ட 'லேஸி போன்ஸ்' ரிமோட்டுக்கு வால் மாதிரி ஒயர் உண்டு. 1956இல் ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த 'ஸ்பேஸ் கமாண்ட்' வந்தது. அதற்கு ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே குட்டிச் சுத்தி ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியை டிவி பிடித்துக்கொள்ளும். கெட்டிக்கார வேலை! ஆனால் ஒலியைப் பிடிக்க டிவிக்குள் கூடுதலாக 6 வால்வு தேவைப்பட்டது. விலையும் சுமார் 30 சதவீதம் ஏறியது. ரிமோட்டிலேயே டிவியைப் போட வேண்டுமென்றால், டிவி அணைந்திருக்கும்போதும் உத்தரவைக் கேட்கும் பகுதி விழித்திருக்கத்தானே வேண்டும்? அடுத்து 'இன்ஸ்டன்ட் ஆன்' என்றார்கள். வால்வு சூடாகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அணைத்த பிறகும் இழையைச் சூடாகவே வைத்திருந்தார்கள். இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத அநியாயம் அதுதான்.

நம் நாட்டில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் ஒளிபரப்பு வந்தது. ரிமோட் செட்டுகள் வீடுகளுக்குப் பரவிய பிறகு கடைக்கு ஒரு புதுக் கேள்வி வர ஆரம்பித்தது: "அண்ணாச்சி, அணைச்சுத்தானே கெடந்துச்சு, எப்படிப் போச்சு?" ரிமோட்டில் மட்டும் அணைத்திருப்பார்கள், முகப்பில் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்திருக்கும். ஐப்பசி இடிமழைக்குப் பின் வரும் செட்டுகளில் நான் முதலில் பார்ப்பது பவர் சப்ளையைத்தான். இடி விழாத மாதங்களிலும், ராத்திரி பகலாகக் கரண்டில் கிடந்த சூட்டில் கெப்பாசிட்டர் உப்பிப்போய் வரும்.

செட் கெடுவதோடு முடியாது, கரண்ட் செலவும் உண்டு. 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி சும்மா கிடந்தாலே இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட் ஏறும். 1990களின் கடைசியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆலன் மையர், எந்தக் கருவியும் சும்மா இருக்கையில் 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்றார். சர்வதேச எரிசக்தி முகமை அதைக் கையில் எடுத்தது. 2001இல் அதிபர் புஷ், அரசு அலுவலகங்கள் அப்படிப்பட்ட கருவிகளையே வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் 1 வாட் என்று கட்டாயமாக்கி, 2013இல் அதை 0.5 வாட்டுக்கு இறக்கியது. தகவல் காட்டும் திரை இருந்தால் மட்டும் அப்போது அதைப்போல இரு மடங்குக்கு அனுமதி இருந்தது. சட்டம் வந்தபின்தான் கம்பெனிகள் இறங்கி வந்தன. ஜனங்களைச் சிக்கனமாக இருக்கச் சொல்லி மட்டும் இது நடந்திருக்காது.

இன்றைய டிவியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. செட்டாப் பாக்ஸ்தான் ஏமாற்றுகிறது. ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பல பெட்டிகள் அப்போதும் சூடாகவே இருக்கும். அமெரிக்க வீடுகளில் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் பொதுவாகச் சுவிட்ச் இருப்பதில்லை. நம் வீடுகளில் இருக்கிறது. படுக்கப் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போங்கள்.